வேலைக்குப் பேட்டி: திறமையும் அமானிதமும்

பட்டப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் காத்திருக்கும் நம் பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடிய முதல் உத்தியோகங்களில் ஒன்று, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் க்ளெய்ம் பிரிவு வேலை. திருவண்ணாமலை, போளூர், செங்கம், ஆரணி, வந்தவாசி முதலிய ஊர்களிலுள்ள நம் குடும்பத்துப் பிள்ளைகள் இந்த வேலைக்காகப் பேட்டிக்குச் செல்ல நேர்கிறது. அங்கே என்ன கேட்பார்கள் என்பதைச் சொல்லித்தர வழிகாட்டி நூல்கள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் ஒரு முஃமினின் பிள்ளை அந்த நாற்காலியின் முன்னால் உட்கார்ந்து என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது, போவதற்கு முன் எதை முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பதை அந்நூல்கள் சொல்லா. அதைத்தான் நாம் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் அந்த வேலை என்னவென்று தெரிந்துகொள்வோம். பாலிசி எடுத்தவருக்கு நஷ்டமோ நோயோ மரணமோ நேர்ந்தபின் அவரோ அவருடைய குடும்பத்தாரோ வந்து கேட்கும் தொகைக்குத்தான் க்ளெய்ம் என்று பெயர். புதிதாகச் சேருகிறவர் அந்த மனுவைப் பதிவு செய்வார், காகிதங்களைச் சரிபார்ப்பார், நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயரை அனுப்ப ஏற்பாடு செய்வார், ஆஸ்பத்திரி பில்லைப் பாலிசியின் நிபந்தனைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், மனுதாரர் போன் செய்தால் பதில் சொல்வார். கொடுக்க முடியாது என்று சொந்தமாக முடிவு செய்யும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. மருத்துவ இன்ஷூரன்ஸைப் பொறுத்தவரை, 2024 மே மாதம் ஒழுங்குமுறை ஆணையம் பிறப்பித்த உத்தரவின்படி, கம்பெனியின் மறு ஆய்வுக் குழு ஒப்புதல் தராமல் எந்த மனுவையும் நிராகரிக்கலாகாது. பணம் கட்டாமல் சிகிச்சை பெற ஆஸ்பத்திரியிலிருந்து அனுமதி கேட்டால் 1 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்; வீடு திரும்பும்போது 3 மணி நேரத்துக்குள் கணக்கை முடித்துத் தர வேண்டும் என்பதும் அதே உத்தரவுதான். ஆகவே இது ஓய்வாக உட்கார்ந்து பார்க்கும் உத்தியோகம் அன்று. கடிகாரம் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்.

நம் பெரியவர்களுக்கு இன்ஷூரன்ஸ் என்றவுடனே நினைவுக்கு வருவது சென்னை மவுண்ட் ரோட்டில் 1959-இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி.யின் பதினான்கு மாடிக் கட்டடம். ஆயுள் இன்ஷூரன்ஸ் 1956-இல் நாட்டுடைமையானது. வாகனம், தீ, கப்பல் முதலிய பொது இன்ஷூரன்ஸை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுடைமையாக்கியது. 1973-லிருந்து அது நான்கு அரசுக் கம்பெனிகளாக நடந்தது. அவற்றில் ஒன்றான யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமை அலுவலகம் சென்னையில்தான். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தனியார் கம்பெனிகளும் வந்தன. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பேட்டி என்பது எல்லா இடத்திலும் இல்லை. அரசுப் பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் அசிஸ்டெண்ட் வேலைக்கு அண்மை ஆண்டுகளில் எழுத்துத் தேர்வும், அதற்குப்பின் வட்டார மொழித் தேர்வும்தான் நடக்கின்றன. அதிகாரி பதவிக்குத்தான் நேர்முகம். தனியார் கம்பெனிகளிலும், அவற்றுக்காக ஆஸ்பத்திரி மனுக்களைக் கவனிக்கும் டி.பி.ஏ. அலுவலகங்களிலும் பேட்டியே பிரதானம்.

வட்டார மொழித் தேர்வு என்றால் நமக்குத் தமிழ்த் தேர்வு. வேலூர், ஆம்பூர் பக்கத்தைப் போலவே திருவண்ணாமலையிலும் உர்து பேசும் இல்லங்கள் உண்டு. அங்கே வளரும் பிள்ளை கடைத்தெருவில் தமிழைச் சரளமாகப் பேசும். நான்கு வரி எழுதச் சொன்னால் திகைத்துப்போகும். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளின் நிலையும் இதுவே. கணக்கிலும் ஆங்கிலத்திலும் தேறிவிட்டுத் தாய்மண்ணின் மொழியில் தவறிப்போவது வீண் இழப்பு. தினமும் ஒரு பக்கம் செய்தித்தாளை உரக்கப் படித்து, அதைப் பார்க்காமல் ஐந்து வரியில் எழுதிப் பழகினால் மூன்று மாதத்தில் கை வந்துவிடும்.

இனி, பேட்டிக்கு முன் வீட்டிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்விக்கு வருவோம். இந்த வேலையில் வரும் சம்பளம் ஹலாலா?

இதை மேம்போக்காகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. ஹனஃபி மத்ஹபின் பிற்காலப் பேரறிஞரும் 1836-இல் மறைந்தவருமான டமாஸ்கஸ் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், கப்பல் சரக்குகளுக்குப் பணம் கட்டிப் பாதுகாப்பு வாங்கும் வழக்கத்தை ‘ஸூகரா’ என்ற பெயரில் குறிப்பிட்டு, அதில் கிடைக்கும் நஷ்டஈடு வியாபாரிக்கு ஆகாது என்று எழுதினார்கள். சில விலக்குகளும் சொன்னார்கள். 1978-இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு மன்றம், வியாபார நோக்கில் நடத்தப்படும் இன்ஷூரன்ஸ் கூடாது என்று தீர்மானித்தது. மன்றத்தில் ஷெய்கு முஸ்தஃபா அஸ்ஸர்கா அவர்கள் மாத்திரம் மாறுபட்டு நின்றார்கள். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய ஃபிக்ஹு அகாடமியும் கூடாது என்ற முடிவுக்கே வந்தது. கட்டிய பணம் வட்டியில் முதலீடாவது, எப்போது எவ்வளவு கிடைக்கும் என்பது தெளிவில்லாமல் இருப்பது, சூதாட்டத்தின் சாயல் கலந்திருப்பது என்ற மூன்றும் அவர்கள் காட்டும் காரணங்கள்.

ஆனால் ஒருவர் கஷ்டத்தைப் பலர் சேர்ந்து சுமப்பது மார்க்கத்துக்கு அந்நியமானது அன்று. யாத்திரையிலோ ஊரிலோ உணவு குறைந்துவிட்டால் தங்களிடம் இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட அஷ்அரீ குலத்தாரை நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு புகழ்ந்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. இந்த அடிப்படையில்தான் ‘தகாஃபுல்’ என்னும் கூட்டுறவு ஏற்பாடு தோன்றியது. 1979-இல் சூடானில் தொடங்கிற்று. மலேசியா 1984-இல் அதற்கென்று சட்டமே போட்டது. இலங்கையில் நம் தமிழ் பேசும் சகோதரர்கள் 1999 முதல் அமானா தகாஃபுலைக் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் அத்தகைய கம்பெனிக்கு லைசென்ஸ் இல்லை.

அன்றியும், சில வகை இன்ஷூரன்ஸை நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் எடுத்தே ஆக வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு, மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டியைத் தெருவில் ஓட்டக் கூடாது என்கிறது. சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தில் உலமாக்கள் அனுமதித்திருக்கிறார்கள். கலவரங்களில் வீடும் கடையும் எரிந்த அனுபவத்தை வைத்து, இந்நாட்டின் சூழ்நிலையில் இன்ஷூரன்ஸுக்கு இடம் தந்த இந்திய உலமாக்களும் உண்டு. தமிழக அரசின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலோ ஏழைக் குடும்பம் ஒரு பைசாவும் கட்டுவதில்லை. பிரீமியத்தை அரசே செலுத்துகிறது.

இவ்வளவும் பாலிசி எடுப்பதைப் பற்றியது. வேலை பார்ப்பது வேறு கேள்வி. வட்டி வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் எல்லோரையும் ஒரே வரிசையில் வைக்கும் ஜாபிர் (ரலி) அவர்களின் ஹதீஸைக் காட்டி, வேலையே கூடாது என்போர் இருக்கிறார்கள். பாலிசியை விற்பதும் பணத்தை வட்டியில் போடுவதும் ஒன்று, விபத்தில் கால் இழந்தவனுக்குச் சட்டப்படி சேர வேண்டியதைச் சேர்ப்பிப்பது வேறு என்று பிரித்துப் பார்ப்போரும் இருக்கிறார்கள். நம்மைக் கேட்டால், இந்தப் பிரிவினை பொருளற்றதன்று என்போம். விற்கிற நாற்காலியைவிடக் கொடுக்கிற நாற்காலி மேல் என்பது நம் எண்ணம். ஆயினும் ஃபத்வா கொடுப்பது பத்திரிகையின் வேலையன்று. உங்கள் ஊர் ஆலிமிடம் போங்கள். போகும்போது ‘இன்ஷூரன்ஸ் வேலை கூடுமா ஹஜ்ரத்?’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். எந்த வகை இன்ஷூரன்ஸ், அங்கே பிள்ளை செய்யப்போகும் காரியம் என்ன, வீட்டின் தேவை எப்படிப்பட்டது என்ற மூன்றையும் ஒளிக்காமல் சொல்லிக் கேளுங்கள். நிர்ப்பந்தம் என்பதை நமக்கு நாமே தீர்ப்பளித்துக்கொள்வது மிகவும் எளிது.

முடிவு எதுவாயினும் அது பேட்டிக்கு முன்னால் வர வேண்டும். மனம் ஒப்பாமல் அத்தாவின் வற்புறுத்தலுக்காகப் போய் உட்காரும் பிள்ளையின் குழப்பம், எதிரில் இருப்பவருக்கு ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். கூடாது என்று தெளிந்தால் பேருந்துச் செலவும் மிச்சம். கூடும் என்று தெளிந்து போகிறவர், மனத்தில் முள் இல்லாமல் போகட்டும்.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது. பேட்டிக்கு என்ன எடுத்துக்கொண்டு போவது?

திருக்குர்ஆனில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடங்கள் இரண்டு நம் கண்ணில் படுகின்றன. மத்யன் ஊர்ப் பெரியவரின் மகள், மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி தந்தையிடம் சொன்னபோது, ஊழியர்களில் சிறந்தவர் வலிமையும் நம்பிக்கையும் உள்ளவர் என்று காரணம் காட்டினார் (28:26). எகிப்து மன்னர் முன்னால் யூஸுஃப் (அலை) அவர்கள் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் காப்பாற்றக்கூடியவர், விஷயம் அறிந்தவர் என்று சொன்னார்கள் (12:55). இரண்டு இடத்திலும் இரட்டைத் தகுதிதான். ஒன்று வேலையறிவு, மற்றது கை சுத்தம். பதவியைக் கேட்டு அலையாதே என்று அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன புத்தி இதற்கு முரணாயிற்றே என்று சிலர் கேட்கலாம். ஆட்சிப் பதவியின் மீதுள்ள ஆசையைத் தடுப்பது அந்த ஹதீஸ். தகுதி உள்ளவன், தகுதி இல்லாதவனிடம் போய்விடக்கூடிய பொறுப்பைத் தன் தகுதியைக் கூறிக் கேட்பதை யூஸுஃப் (அலை) அவர்களின் நிகழ்ச்சி காட்டுகிறது என்று அறிஞர்கள் விளக்குவர். ஆகவே பேட்டியில் தன்னைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. ‘ஏதாவது வேலை கிடைத்தால் போதும் ஐயா’ என்பது பணிவு அன்று. அந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் வந்திருக்கிறேன் என்று பொருள்.

வேலையறிவில் புதியவரிடம் அதிகம் எதிர்பார்க்க மாட்டார்கள். நான்கைந்து அடிப்படைகளை வாய்ப்பாடமாக இல்லாமல் உதாரணத்தோடு சொல்லத் தெரிந்தால் போதும். நஷ்டத்தை ஈடு செய்வதுதான் பொது இன்ஷூரன்ஸ், லாபம் பார்க்க இடமில்லை என்பது முதலாவது. இதற்கு உதாரணம் வாகனத்தில் இருக்கிறது. வழக்கமான பாலிசியில் உடைந்த பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குத் தேய்மானமாகப் பாதி கழித்துத்தான் கொடுப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. செங்கத்துக்காரர் ஒர்க்‌ஷாப் பில் முழுவதும் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பார். அவருக்கு இதை நோகாமல் விளக்குவதே உன் வேலையில் பாதி.

இரண்டாவது, எந்தப் பொருளால் அல்லது உயிரால் நமக்கு உண்மையிலேயே நஷ்டம் வருமோ அதற்கு மாத்திரமே பாலிசி எடுக்கலாம் என்ற விதி. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் முன்பின் தெரியாத பிரமுகர்களின் சாவின்மீது பந்தயம் கட்டுவதுபோல் பாலிசி எடுத்தார்கள். அதைத் தடுக்க 1774-இல் ஒரு சட்டம் வந்தது. சூதாட்டச் சட்டம் என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது. இன்ஷூரன்ஸில் சூதின் சாயலைக் கண்டவர்கள் நம் உலமாக்கள் மட்டுமல்ல என்பதை இங்கே கவனிக்க.

மூன்றாவது, இரு தரப்பும் எதையும் ஒளிக்கலாகாது என்ற விதி. 1766-இல் சுமத்ராவிலிருந்த ஓர் ஆங்கிலக் கோட்டையின் இன்ஷூரன்ஸ் வழக்கில் லண்டன் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு இதை நிலைநாட்டினார் என்று பாட நூல்களில் வரும். நமக்கோ இது அவருக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்திய பாடம். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. வாங்குகிறவர் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டியதுதானே என்று கேட்டார்கள். முஸ்லிமில் வரும் இந்த நிகழ்ச்சியைப் பேட்டியில் சொல்ல வேண்டும் என்பதில்லை. ஆனால் இதை உள்வாங்கிய பிள்ளைக்கு அந்த விதி மனத்தில் பதிய ஒரு நொடி போதும். சர்க்கரை வியாதியை மறைத்துப் பாலிசி எடுத்தவரின் மனு வந்தால் என்ன செய்வாய் என்று கேட்பார்கள். மறைத்தது தவறு என்று உடனே தள்ளிவிடாமல், எப்போது எடுத்த பாலிசி என்று பார்ப்பேன் என்பது நல்ல பதில். 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 3 ஆண்டுகள் கழிந்த ஆயுள் பாலிசியை எந்தக் காரணம் காட்டியும் கேள்வி கேட்க முடியாது. மருத்துவ பாலிசியில் 2024 முதல் 5 ஆண்டு கழிந்தபின் மோசடி ஒன்றைத் தவிர வேறு காரணம் செல்லாது.

அறிவைச் சோதித்த பிறகுதான் ஆளைச் சோதிப்பார்கள். ஒரு சம்பவத்தைச் சொல்லி, நீ என்ன செய்வாய் என்பார்கள். நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். 2024-ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயல் மழையில் டிசம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து 7 உயிர்கள் போயின. சாத்தனூர் அணை திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணைக் கரையெங்கும் வெள்ளம். அத்தகைய நாளில் ஒருவர் போன் செய்கிறார். வாசலில் நின்ற கார் தண்ணீரில் மூழ்கிவிட்டது, வடிந்ததும் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்து பார்த்தார், என்ஜின் பிடித்துக்கொண்டது. பணம் வருமா வராதா என்று சத்தம் போடுகிறார்.

விஷயம் தெரியாதவன் ‘வரும் சார்’ என்பான். அரைகுறையாகத் தெரிந்தவன் ‘வராது’ என்பான். வெள்ளம் நேராகச் செய்த சேதத்துக்குப் பணம் உண்டு. தண்ணீர் புகுந்த என்ஜினை முடுக்கியதால் வந்த சேதம் அதன்பின் நேர்ந்தது என்று சாதாரண பாலிசியில் விலக்கப்படும். என்ஜினுக்கென்று தனியாகக் கூடுதல் பாதுகாப்பு வாங்கியிருந்தால் கிடைக்கலாம். ஆகவே முதலில் அவரைப் பேசவிட வேண்டும். மனுவைப் பதிவு செய்து எண்ணைக் கொடுக்க வேண்டும். இனி வண்டியை முடுக்காதீர்கள், அப்படியே இழுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள் என்று சொல்ல வேண்டும். சர்வேயர் பார்க்காமல் ஆம் என்றும் இல்லை என்றும் வாய் விடலாகாது. கோபமாக இருக்கும்போது தீர்ப்புச் சொல்லாதே என்று நீதிபதிக்குச் சொன்ன மார்க்கம் நம்முடையது. இங்கே கோபம் எதிர்த்தரப்பில் இருக்கும். அது நம்மேல் ஒட்டிக்கொள்ளாமல் பார்ப்பதே சாமர்த்தியம்.

இன்னொன்று கேட்பார்கள்: ‘உன் மாமாவின் மனு உன் மேஜைக்கே வந்தால்?’ நேர்மையாக முடித்துக் கொடுப்பேன் என்று நல்ல பிள்ளைகளும் சொல்லிவிடுகிறார்கள். அது தவறான விடை. உறவினர் என்பதை மேலதிகாரியிடம் எழுத்தில் தெரிவித்து, வேறொருவரிடம் மாற்றச் சொல்வேன் என்பதே சரி. நீதிக்குச் சாட்சி நிற்பதில் பெற்றோர், உறவினர், பணக்காரன், ஏழை என்ற எந்தச் சாய்வும் கூடாது என்னும் 4:135 வசனத்தில் ஏழையையும் சேர்த்திருப்பதைச் சிந்தியுங்கள். பாவம், ஏழை என்று இல்லாத உரிமையை உண்டாக்கிக் கொடுப்பது தர்மம் அன்று. அது பிறர் கட்டிய பணம். தன் பையிலிருந்து கொடுப்பதுதான் தர்மம்.

அதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் பாடம் அரைகுறையாகும். கொடுக்க வேண்டியதைக் குறைப்பதே திறமை என்று நினைக்கும் மேலதிகாரிகள் எல்லாத் தொழிலிலும் உண்டு. ‘கம்பெனியின் செலவைக் குறைக்க என்ன செய்வாய்?’ என்று பேட்டியில் கேட்டால், பொய் மனுக்களைக் கண்டுபிடிப்பேன், காகிதத்தை ஒரே தடவையில் கேட்டு வாங்கித் தாமதத்தைக் குறைப்பேன், பாலிசிப்படி சேர வேண்டியதைக் குறைக்க மாட்டேன் என்று அடக்கமாக, ஆனால் தெளிவாகச் சொல்லலாம். வாங்கும்போது நிறைய அளந்து வாங்கிக் கொடுக்கும்போது குறைக்கிறவர்களுக்கு 83-ஆவது அத்தியாயத்தின் தொடக்கத்தில் இருக்கும் எச்சரிக்கை, தராசுக் கடைக்கு மட்டும் இறங்கியதன்று. பிரீமியத்தைப் பைசா சுத்தமாக வாங்கிவிட்டு, விதவை வந்து நிற்கும்போது ஒவ்வொரு காகிதமாக ஐந்து தடவை அலைய வைப்பதும் அளவில் குறைப்பதுதான். இந்தப் பதிலுக்காக வேலை கிடைக்காமல் போகுமா? போகலாம். நம் கணிப்பில், நல்ல அதிகாரி இப்படிப்பட்டவரைத்தான் தேடுகிறார். ஏனென்றால் மனுதாரரை ஏமாற்றத் தயங்காதவன் நாளை கம்பெனியையும் ஏமாற்றுவான் என்பது அவருக்குத் தெரியும்.

அன்பளிப்பைப் பற்றியும் கேள்வி வரும். ஒர்க்‌ஷாப்காரர் பெருநாளைக்கு ஸ்வீட் பெட்டி அனுப்புகிறார், வாங்கலாமா? ஜகாத் வசூலிக்கப் போன இப்னு லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு என்று பிரித்து வைத்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் தாய் தகப்பன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால், எந்தக் கம்பெனியின் நடத்தை விதியையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

இதே அமானிதம் பயோடேட்டாவிலிருந்தே தொடங்குகிறது. போய்ப் பார்க்காத கம்பெனியில் ஆறு மாத அனுபவம் என்று சர்ட்டிபிகேட் வாங்கி இணைப்பதைப் பல பிள்ளைகள் ஒரு சாதாரணச் சடங்காகவே நினைக்கிறார்கள், பெற்றோரும் கண்டுகொள்வதில்லை. பொய்க் காகிதத்தைக் கண்டுபிடிக்கும் வேலைக்குப் பொய்க் காகிதத்தோடு போவது எவ்வளவு பெரிய வேடிக்கை! படித்த வருஷத்துக்கும் வேலை தேடும் வருஷத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தால், அரபி மதரஸாவில் ஓதினேன், வந்தவாசியில் பாய்க் கடையைப் பார்த்துக்கொண்டேன், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார்கள் என்று உள்ளதைச் சொல்லலாம். கடையில் கணக்கு எழுதியதும், ஆஸ்பத்திரி பில்லோடு அலைந்ததும் க்ளெய்ம் வேலைக்கு உண்மையான தகுதிகளே. தெரியாத கேள்விக்கு ‘தெரியவில்லை ஐயா, தெரிந்துகொள்கிறேன்’ என்று சொல்வதற்கும் மார்க்கத்தில் முன்மாதிரி உண்டு. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் வந்த பல கேள்விகளுக்குத் தெரியாது என்றே பதில் சொன்னதாக வரலாறு கூறுகிறது.

இங்கே ஆயுள் பாலிசியின் நாமினி விஷயத்தைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். பேட்டியிலும் கேட்பார்கள், வேலையில் சேர்ந்தபின் நம் மஹல்லாவே வந்து கேட்கும். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ள மட்டும் உரியவர், அந்தப் பணம் வாரிசுகள் எல்லோருக்கும் சேரும் என்று 1983-இல் சர்பதி தேவி வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறியது. 2015-இல் இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 39-ஆவது பிரிவு திருத்தப்பட்டு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் அவர்களே உரிமையாளராகவும் கருதப்படலாம் என்ற நிலை வந்திருக்கிறது. அதன்பின் கோர்ட்டுகளின் தீர்ப்புகளும் ஒரே மாதிரி இல்லை. கம்பெனி நாமினிக்குப் பணத்தைக் கொடுத்ததோடு அதன் பொறுப்பு முடிகிறது. ஆனால் முஸ்லிம் வீட்டில் அங்கேதான் பொறுப்பு ஆரம்பமாகிறது. கணவன் மனைவி பெயரை எழுதியிருந்தாலும், மய்யித்தின் தாய்க்கும் பெண்பிள்ளைகளுக்கும் ஃபராயிழின்படி உள்ள பங்கு அந்த எழுத்தால் அழிவதில்லை. கட்டிய தொகைக்கு மேல் வந்த பகுதியைத் தனியே பிரித்து ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லும் உலமாக்களும் உண்டு. அதையும் ஆலிமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். க்ளெய்ம் நாற்காலியில் இருப்பவர் சட்டப்படி நாமினிக்குத்தான் கொடுக்க வேண்டும்; தன் இஷ்டத்துக்குப் பாகம் பிரிக்க அவருக்கு உரிமையில்லை.

நம் இல்லங்களில் தெரியாமல் விட்டுவிடும் உரிமை ஒன்றையும் இந்த இடத்தில் குறித்துவிடுகிறோம். மோட்டார் சைக்கிளின் சொந்தக்காரரே லைசென்ஸோடு ஓட்டிப்போய் விபத்தில் இறந்தால், சொந்தக்காரருக்கான தனிநபர் விபத்துப் பாதுகாப்பு பாலிசியில் இருக்கும் பட்சத்தில் 15 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குச் சேர வேண்டும். 2018-லிருந்து இந்தத் தொகை. எதிர் வண்டியின்மேல் கேஸ் போட வழியில்லை என்று எண்ணிப் பாலிசிக் காகிதத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு இருப்பவர்கள் அதை எடுத்துப் பார்க்கட்டும். கம்பெனி மறுத்தால் சென்னையில் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் இருக்கிறார். அவரிடம் முறையிடக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை.

ஜும்ஆவைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கத் தயங்குகிறார்கள். பேட்டியின் முதல் வார்த்தையாக அதை எடுக்க வேண்டாம். ஒளித்துவிட்டு வேலையில் சேர்ந்தபின் சண்டை போடவும் வேண்டாம். எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா என்று கடைசியில் கேட்பார்கள். அப்போது வேலை நேரம், ஷிப்டு ஆகியவற்றோடு சேர்த்து, வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் தொழுகைக்குப் போய்வந்து அதை மாலையில் ஈடு செய்ய இயலுமா என்று சாதாரணமாகக் கேட்கலாம். ஆஸ்பத்திரி அனுமதியைப் பார்க்கும் பிரிவில் 1 மணி நேரக் கெடு இருப்பதால், அந்த நேரத்தில் மேஜையை யார் பார்ப்பார் என்பதையும் யோசித்து வைத்துக்கொண்டு கேட்டால் மதிப்பு உயரும். பெண்பிள்ளைகள் முக்காட்டோடு போய் முக்காட்டோடு உட்காரட்டும். இரவு ஷிப்டு உண்டா, வீட்டுக்குக் கொண்டுவிட வண்டி உண்டா என்பதைச் சேரும் உத்தரவு வாங்குவதற்கு முன்பே தெளிவாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது பெற்றோரின் கடமை.

கடைசியாகப் பயணம். சென்னையில் பேட்டி என்றால், அந்தத் தேதி பௌர்ணமியை ஒட்டி வருகிறதா என்று காலண்டரைப் பாருங்கள். கிரிவலத்துக்கும் கார்த்திகை தீபத்துக்கும் லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்து போகும் நாட்களில் திருவண்ணாமலையிலிருந்து பேருந்தில் இடம் பிடிப்பது லேசான காரியமன்று. ஒரு நாள் முன்பே கிளம்பி உறவினர் வீட்டில் தங்குவதே புத்திசாலித்தனம். 2024 மே மாதம் முதல் சென்னைக் கடற்கரை ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டியிருக்கிறார்கள். அது விடியுமுன் புறப்படுவதால் ஸுப்ஹு நேரம் வழியில் வரும். வீட்டிலேயே ஒளூ செய்துகொண்டு, ஒரு தண்ணீர் பாட்டிலும் சிறிய முஸல்லாவும் பையில் வைத்துக்கொள்ளவும். அசல் சர்ட்டிபிகேட்டுகளைத் தனிப் பையில் பிளாஸ்டிக் உறையிட்டு வைத்து, நகல்களை வேறு பையில் வைக்கவும். பேட்டி முடிய மதியம் தாண்டிவிடுமானால், அலுவலகத்துக்கு அருகில் பள்ளிவாசல் எங்கே என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொண்டால் ளுஹரை அங்கேயே ஜமாஅத்தோடு தொழுதுவிட்டு மாலைப் பேருந்தைப் பிடிக்கலாம்.